இஸ்திரியக்கா நடத்திய விசில் போட்டி

எங்கள் சலவைக்கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் முகத்தில் அடிப்பது ஆவி. அடுத்தது சத்தம். துவைக்கும் இயந்திரங்கள் ஒரு பக்கம் உறுமும், பிழியும் இயந்திரங்கள் இன்னொரு பக்கம் தடதடக்கும். இரண்டையும் தாண்டிப் போனால் இஸ்திரிப் பிரிவு. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வந்த படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சூடான உருளைகளுக்கு நடுவே நுழைப்பார்கள். மறுபக்கம் அவை ஒரு சுருக்கம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து விழும். விழுவதை மடித்து அடுக்குவது என் வேலை. நுழைப்பவர்களுக்கும் மடிப்பவர்களுக்கும் சேர்த்துப் பொறுப்பாளர் இஸ்திரியக்கா.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பள நாளில் கணக்கர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரோ புது ஆள் வந்திருக்கிறார் என்று நாங்களே திரும்பிப் பார்ப்போம். அக்கா கொஞ்சம் பூசின உடம்பு. குரல் கணீரென்று இயந்திரச் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு வரும். கோபம் வந்தால் கையில் கிடைத்த தலையணை உறையை ஒரே உதறாக உதறுவார். பட்டென்று சத்தம் வரும், அதோடு கோபம் போய்விடும். அவர் திட்டி யாரும் அழுததில்லை. அவர் சிரிக்க வைத்துப் பலர் வேலையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவருடைய கணவரும் எங்கள் ஆள்தான். சலவைக்கூடத்து வேன் ஓட்டுநர். அவரை நாங்கள் விசிலண்ணன் என்போம். வேன் தெருமுனை திரும்புவதற்கு முன்பே அவருடைய விசில் உள்ளே வந்துவிடும். அதிலும் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஓட்டல் துணி ஏற்றி வந்தால் துள்ளலான மெட்டு, ஆஸ்பத்திரித் துணி என்றால் நிதானமான மெட்டு. அதைக் கேட்டே எந்தத் தொட்டியைத் தயார் செய்வது என்று துவைக்கிறவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். கல்யாணத்துக்கு முன் ஒருநாள் இரண்டு மெட்டும் இல்லாத புது மெட்டு ஒன்று வந்தது. என்ன துணி வருகிறது என்று புரியாமல் எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். வேனில் துணியே இல்லை. அவர் நேராக இஸ்திரிப் பிரிவுக்கு வந்து, அக்காவிடம் மட்டும் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று நாங்கள் எவ்வளவு குடைந்தும் அக்கா வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் கல்யாணம் நடந்தது.

அக்காவுக்கு விசில் வராது. விசிலண்ணன் எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். உதட்டைக் குவித்து ஊதினால் வெறும் காற்றுத்தான் வரும். "உனக்கு இஸ்திரிப் பெட்டி மாதிரி ஆவிதான் வருது" என்று அவர் கேலி செய்வார்.

விசிலண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது அக்காதான். நீளமாக இழுக்க வேண்டிய இடத்தில் மெட்டு நடுவில் அறுந்தது. கேட்டபோது, இடைவேளை விட்டிருக்கேன் என்று சிரித்து மழுப்பினார். இடைவேளைகள் கூடிக்கொண்டே போயின. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அக்கா அவரை இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் நிறுத்தினார். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பேறி இறுகிப் போகிற நோய் என்றார் டாக்டர். சிகரெட் பிடிக்காதவர், தூசியில் வேலை பார்க்காதவர். ஏன் வந்தது என்று அக்கா கேட்டார். "ஏன்னு இன்னும் யாருக்கும் தெரியாதும்மா" என்றார் டாக்டர்.

விசிலண்ணன் அதற்குப் பிறகு நன்றாகத்தான் இருந்தார், முடிந்தவரை. கடைசி மாதங்களில் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் இருந்தது. பார்க்கப் போனவர்களைச் சிரிக்க வைத்துத்தான் அனுப்பினார். ஒரு மழைக்காலத்தில், மதியத் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அக்கா விடுப்பு முடிந்து வேலைக்கு வந்தார். உருளையில் துணி நுழைத்தார். எங்களைத் திட்டினார். ஆனால் டாக்டர் சொன்ன அந்த வார்த்தை மட்டும் அவருக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. டீ குடிக்கும்போது ஒருநாள் என்னிடம் சொன்னார்: "மருந்து இல்லன்னு சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். தெரியாதுன்னு சொல்லிட்டாரே. தெரியலன்னா தெரிஞ்சுக்க வேண்டாமா?"

நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். அக்காவுக்கு ஆறுதல் தேவைப்படவில்லை. அடுத்த வார விடுமுறையில் அதே டாக்டரிடம் போய், இதைத் தெரிந்துகொள்ள யாராவது வேலை பார்க்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் பின்கட்டில் இரண்டு அறைகளில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருப்பதாகவும், அங்கே போய்க் கேட்கும்படியும் டாக்டர் சொன்னார். அங்கே இருந்த ஆராய்ச்சியாளர் சின்ன வயசுப் பெண். அக்காவை உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசியிருக்கிறாள். இந்த நோய் வந்தவர்கள் சம்மதித்துக் கொடுத்த நுரையீரல் திசுக்களை வைத்துத்தான் ஆராய்ச்சி நடக்கிறது, அவற்றைக் கெடாமல் வைத்திருக்க மிகமிகக் குளிரான ஒரு பெட்டி வேண்டும், இருக்கிற பழைய பெட்டி அடிக்கடி நின்றுவிடுகிறது, புதிதுக்கு நன்கொடை சேர்க்கிறார்கள். இவ்வளவும் அக்கா எங்களுக்குச் சொன்னது.

"பெட்டி என்ன விலைன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு சொன்னதும் தலையே சுத்திருச்சு" என்றார் அக்கா. "சரி, முழுப் பெட்டி நம்மால ஆகாது. அதுக்கு நாலு கால் இருக்குமில்ல, அதுல ஒரு காலாவது நம்ம வாங்கிக் குடுப்போம்."

அப்படித்தான் சாப்பாட்டு அறை மேசையில் ஒரு தகர டப்பா வந்தது. மூடியில் ஓட்டை போட்டு, பக்கத்தில் விசிலண்ணனின் படம் ஒன்றையும் அக்கா வைத்தார். எங்கள் ஆட்கள் யாரும் கையை மூடிக்கொள்ளவில்லை. எல்லாரும் போட்டார்கள். ஆனால் போடும்போது ஒவ்வொருவரும் துக்க வீட்டுக்கு வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். டப்பா இருந்ததால் சாப்பாட்டு அறையில் பேச்சும் குறைந்தது. சிரித்துக்கொண்டே உள்ளே வருகிறவர்கள் படத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் அக்கா டப்பாவைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துவிட்டார். "இந்த மனுஷன் இருந்தவரைக்கும் ஒருத்தர் மூஞ்சியும் தொங்கி நான் பாத்ததில்ல. இப்ப அவர் பேரால இத்தனை மூஞ்சி தொங்கினா எப்படி?" என்றார். வேறு வழி இருந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் வேண்டாம் என்று முடிவு.

வேறு வழி தானாக வந்தது. விசிலண்ணனுக்குப் பதிலாக வந்த புது டிரைவர் நல்ல பையன்தான், ஆனால் அவன் வேனைப் பின்னால் எடுக்கும்போது யாராவது குறுக்கே வருவார்கள். ஒருநாள் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு நானே குறுக்கே போய்விட்டேன். ஹாரன் வேலை செய்யவில்லை. பதறிப்போன டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி விசில் அடிக்கப் பார்த்தான். புஸ்ஸென்று காற்று வந்தது. திரும்ப முயன்றான். காற்றோடு எச்சிலும் வந்தது. நான் தப்பித்தது என் காலால், அவன் விசிலால் இல்லை.

வாசலில் நின்ற எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அடுத்த நொடியே, அக்கா அங்கே நிற்கிறார் என்பது உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தால் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது, அவர் முகத்தில் ஒரு யோசனை வந்து உட்கார்ந்திருந்தது.

"இதுக்குக் காசு வாங்கலாம் போலிருக்கே" என்றார்.

விசில் போட்டி. நுழைவுக்குக் காசு. விசில் வராதவர்கள் அபராதமாக இன்னொரு தடவை கட்ட வேண்டும். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கும் கட்டணம். வருவதெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்துக்கு. யோசனை அன்று மாலைக்குள் கூடம் முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் அதற்கு மேனேஜர் சம்மதிக்க வேண்டுமே.

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் உஷ் சார். நாள் முழுக்க இயந்திர இரைச்சலைக் கேட்டுக் கேட்டு, மனிதர்கள் போடும் சத்தத்தை அவரால் தாங்க முடியாது. யாராவது உரக்கப் பேசினால் விரலை உதட்டில் வைத்து உஷ் என்பார். அவர் அதிகம் உஷ் சொன்னது விசிலண்ணனிடம். வேனிலிருந்து இறங்கியதும் விசிலை நிறுத்த வேண்டும் என்று உத்தரவு. விசிலண்ணன் தலையாட்டுவார். துணியை இறக்கும்போது மறந்துவிடுவார். வருஷக்கணக்காக இதுதான் அவர்களுக்குள் நடந்த சண்டை.

அக்கா துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனார். விஷயத்தைக் கேட்டதும் உஷ் சார் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க வீட்டுக்காரரை நான் எத்தனை தடவை வாயை மூடச் சொல்லியிருப்பேன். என்கிட்டயே வந்து விசில் போட்டிக்கு அனுமதி கேக்குறீங்களே" என்றார்.

"அதனாலதான் சார் உங்ககிட்ட முதல்ல வந்தேன். நீங்க சரின்னுட்டா அதுக்கப்புறம் யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளச் சொன்னார். அன்றைக்குக் கூடம் சும்மாதானே கிடக்கிறது, வேலையும் கெடாது என்றார்.

அக்கா தலையை ஆட்டி மறுத்தார். "வேலை நாள்லதான் சார் வைக்கணும். மெஷினை நிறுத்திட்டு வைக்கணும். இங்க இத்தனை வருஷம் உழைச்ச மனுஷனுக்கு நீங்க ஒரு மணி நேரம் மெஷினை நிறுத்தினீங்கன்னா, அதைவிட அவருக்கு வேற என்ன மரியாதை வேணும்?"

இயந்திரத்தை நிறுத்துவது என்றால் உஷ் சாருக்குக் கையை வெட்டுவது மாதிரி. கடைசியில், வெள்ளிக்கிழமை கடைசி ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நாங்கள் கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "நானும் கலந்துக்கணுமா?"

"காசு கட்டினா யாரு வேணும்னாலும் கலந்துக்கலாம் சார்" என்றார் அக்கா.

தடை வேறு இடத்திலிருந்து வந்தது. அக்காவின் மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அப்பா செல்லம். அவர் போன பிறகு அவள் அதிகம் பேசாமல் ஆகிவிட்டிருந்தாள். அம்மா செய்யப் போவதைக் கேள்விப்பட்டு வீட்டில் பெரிய சண்டையாம். அப்பா மூச்சுக்குத் தவித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள். அதை வைத்து ஊரைக் கூட்டிச் சிரிப்பதா, கௌரவமாக ஒரு கூட்டம் வைத்து நாலு நல்ல வார்த்தை பேசக் கூடாதா என்று கேட்டிருக்கிறாள். அக்காவுக்கு இது சுருக்கென்று தைத்தது. மறுநாள் துணி நுழைக்கும்போது கை தடுமாறி ஒரு விரிப்பே கோணலாகப் போனது, அதுவரை நான் பார்க்காதது.

"நிறுத்திடலாமாக்கா?" என்று நான் கேட்டேன்.

"அவ சொல்றதுல தப்பு இல்ல. அவ பாத்தது அவளுக்கு" என்றார் அக்கா. பிறகு தலையணை உறை ஒன்றை எடுத்து உதறினார். "ஆனா அவரோட கடைசி வருஷம் மட்டுமா அவரு? அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் இருந்தாரு. அவளை வரச் சொல்லியிருக்கேன். வந்து பாத்துட்டுத் திட்டட்டும்."

வெள்ளிக்கிழமை வந்தது. குறித்த நேரத்தில் உஷ் சார் தாமே போய் மின்சாரப் பலகையின் கைப்பிடியை இறக்கினார். துவைக்கும் இயந்திரம், பிழியும் இயந்திரம், உருளை என்று ஒவ்வொன்றாக ஓய்ந்தது. கூடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அமைதியில், விசிலண்ணன் இல்லை என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அக்கா தொண்டையைச் செருமி, ஆரம்பிக்கலாம் என்றார்.

மடிக்கும் மேசைகளைச் சேர்த்துப் போட்டு மேடையாக்கியிருந்தோம். காசு போடுவதற்கு வாசலில் பெரிய தலையணை உறை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தோம். வாடிக்கை ஓட்டல்களிலிருந்து அறை சுத்தம் செய்யும் பெண்கள் வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு நர்ஸ்கள் வந்தார்கள். ஆராய்ச்சிக்கூடத்துப் பெண் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் மகளும் வந்தாள். உள்ளே வரவில்லை, கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நடுவர் எங்கள் வாசல் காவலாளி. இந்தக் கட்டடத்திலேயே விசில் ஊதச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான்தான், என்னை விட்டால் யாருக்குத் தகுதி என்று சொல்லி அவரே பதவியை எடுத்துக்கொண்டார். சட்டைக்கு மேல் விசில் கயிறு தொங்க, முகத்தை நீதிபதி மாதிரி வைத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார்.

முதலில் புது டிரைவர். ஒரு வாரமாகப் பயிற்சி எடுத்திருந்தானாம். மூச்சை இழுத்து, கன்னத்தை உப்பி, ஊதினான். பழைய புஸ்தான். ஆனாலும் அதை ஒரு தாளத்தோடு ஊதினான். கைத்தட்டல் பிரமாதம். அபராதம் கட்டிவிட்டு, தோற்றதுபோல் இல்லாமல் இறங்கினான்.

அடுத்து உஷ் சார் மேடை ஏறினார். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. சட்டைக் காலரைச் சரிசெய்தார், உதட்டைக் குவித்தார், கண்ணை மூடிக்கொண்டு ஊதினார்.

"உஷ்ஷ்ஷ்" என்று வந்தது.

ஒரு கணம் நாங்கள் பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டோம். பிறகு யாரோ ஒருவர் தாங்க முடியாமல் களுக்கென்றார். அவ்வளவுதான், கூரை இடிந்து விழுந்த மாதிரி சிரிப்பு. உஷ் சார் திகைத்துப் போய் நின்றார். தம்முடைய பட்டப்பெயர் அவருக்குத் தெரியாது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவர் எங்களைப் பார்த்து மெதுவாக, "எனக்கு எல்லாம் தெரியும்" என்றார். இன்னொரு தடவை அதையே வேண்டுமென்றே ஊதினார். அபராதத்தை இரண்டு மடங்காகக் கட்டினார்.

பாய்லர்காரர் ஏறியபோது சிக்கல் வந்தது. அவர் முதலில் வாயிலிருந்த பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தார். அதன் பிறகு ஊதினார். சுத்தமான, நீளமான, கண்ணாடி மாதிரி ஒரு விசில். கூட்டம் வாயைப் பிளந்தது. கணக்கர் எழுந்து ஆட்சேபம் தெரிவித்தார். பல்லைக் கழற்றினால் காற்றுப் போகும் வழி பெரிதாகிறது, அது மற்ற போட்டியாளர்களுக்கு அநியாயம் என்றார். பாய்லர்காரர், வேண்டுமானால் நீயும் கழற்றிக்கொள் என்றார். சண்டை முற்றியது. நடுவர் தம் விசிலை ஊதி இருவரையும் அடக்கினார். யோசித்தார். "போட்டிக்குப் பல்லு இருக்கணும்னு யாரும் சொல்லலியே" என்று தீர்ப்பளித்தார். முதல் பரிசு, அக்கா தம் கையாலேயே இஸ்திரி போட்ட புதுப் படுக்கை விரிப்பு ஜோடி, பாய்லர்காரருக்கே போனது. கணக்கர் இன்றுவரை அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை.

கடைசியாக பிஸ்கட் போட்டி. இரண்டிரண்டு பேராக மேடை ஏற வேண்டும். காய்ந்த பிஸ்கட்டுகளை வாய் நிறையத் தின்றுவிட்டு, தண்ணீர் குடிக்காமல், முதலில் விசில் அடிக்கிற ஜோடி ஜெயித்ததாகக் கணக்கு. அக்காவுக்கு ஜோடி நான்தான். ஆனால் எனக்கு ஏற்கெனவே சிரித்துச் சிரித்து விக்கல் பிடித்திருந்தது. நான் கையை விரித்தேன். அக்கா சுற்றிலும் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார்.

மகள் தலையை ஆட்டி மறுத்தாள். அக்கா கூப்பிடவில்லை, கெஞ்சவில்லை. பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி சும்மா நின்றார். பக்கத்தில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு நின்றார். மகள் கையைப் பிரித்தாள். மேசைகளுக்கு நடுவே மெல்ல நடந்து வந்து மேடை ஏறினாள்.

"எனக்கும் வராதும்மா" என்றாள்.

"தெரியும். தின்னு" என்றார் அக்கா.

இருவரும் வாய் நிறைய அடைத்துக்கொண்டார்கள். நடுவர் கையை இறக்கினார். அக்கா ஊதினார், ஆவிகூட வரவில்லை. மகள் மூச்சை இழுத்துக்கொண்டு முழு பலத்தோடு ஊதினாள். வாயிலிருந்த பிஸ்கட் தூள் மொத்தமும் புகை மாதிரி கிளம்பி, முன்வரிசையிலிருந்த ஆராய்ச்சிக்கூடத்துப் பெண்ணின் முகத்திலும் மூக்குக் கண்ணாடியிலும் போய்ப் படிந்தது. அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணைச் சுற்றி இரண்டு வட்டம் மட்டும் சுத்தமாக இருந்தது, மற்றதெல்லாம் வெள்ளை.

மகள் பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேசைமேலேயே உட்கார்ந்து சிரித்தாள். அவளுக்கு அப்பா சிரிப்பு. நடுவில் கொஞ்சம் விட்டுவிட்டு, திரும்பப் பிடித்துக்கொள்கிற சிரிப்பு. அது எங்களுக்கெல்லாம் தெரிந்த சிரிப்பு. அக்கா வாயிலிருந்த பிஸ்கட்டை விழுங்கவும் மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மகள் அம்மா தோளில் சாய்ந்தாள். இரண்டு பேர் முகத்திலும் தூள்.

"உங்கப்பா இருந்திருந்தா இந்நேரம் நம்ம ரெண்டு பேர் மானத்தையும் வாங்கியிருப்பாரு" என்றார் அக்கா.

"ஆமாம்மா" என்றாள் அவள். திரும்பவும் சிரித்தாள்.

அன்று வாசலில் தொங்கிய உறை, கனம் தாங்காமல் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓட்டல் பெண்கள் போகும்போது, எங்கள் இடத்திலும் இதை நடத்திக்கொடுங்கள் என்று அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள்.

சில மாதங்கள் கழித்து ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. பெட்டி வந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று. வேனிலேயே ஏறிக்கொண்டு போனோம். ஆள் உயர வெள்ளைப் பெட்டி, மெல்ல உறுமிக்கொண்டு நின்றது. எங்கள் ஆட்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இதில் நம்முடைய கால் எது என்று பாய்லர்காரர் கேட்டார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, உங்களுடைய பணம் கால்களைத் தாண்டிக் கதவு வரைக்கும் வந்துவிட்டது என்றாள். அப்படியானால் கதவின் கைப்பிடி எங்கள் பணத்திலா, நர்ஸ்கள் தனியாகச் சேர்த்துக் கொடுத்த பணத்திலா என்று கணக்கர் ஆரம்பித்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

உருப்பெருக்கியில் இரண்டு திசுக்களைக் காட்டினார்கள். ஒன்று நல்ல நுரையீரல், மெல்லிய வலை மாதிரி. இன்னொன்று தழும்பேறியது, வலையின் கண்கள் அடைபட்டுக் கெட்டியாக இருந்தது. அக்கா இரண்டாவதை ரொம்ப நேரம் பார்த்தார். நான், கசங்கின துணி மாதிரி இருக்குதுக்கா என்றேன்.

"எல்லாத்தையும் துணியாவே பாக்காத" என்றார் கண்ணை எடுக்காமல்.

மருந்து கிடைத்துவிடுமா என்று மகள் கேட்டாள். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. "எப்ப கிடைக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா இது ஆரம்பத்துல எப்படி இருக்கும்னு போன வருஷம் எங்களுக்குத் தெரியாது. இப்ப கொஞ்சம் தெரியுது. தெரிஞ்சதை வெச்சு அடுத்ததைத் தேடுறோம்" என்றாள். அக்கா நிமிர்ந்தார். அவர் முகம் தெளிந்திருந்தது. அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார்.

திரும்பும்போதுதான் சுவரில் மாட்டியிருந்த ஆராய்ச்சிக்கூடத்து வெள்ளை அங்கிகளை எங்கள் பெண்கள் பார்த்துவிட்டார்கள். அத்தனையும் கசங்கிப் போய், ஒன்றில் காலர் மடங்கியபடியே காய்ந்திருந்தது. யார் வீட்டில் துவைக்கிறார்கள் என்று கேட்டோம். அவரவர் வீட்டில் என்றார்கள். உஷ் சார் அங்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எங்கள் கையில் கொடுத்தார். வாரா வாரம் வேன் வரும், காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு போட்டி எங்களைவிட்டுக் கிளம்பி ஊர் சுற்ற ஆரம்பித்தது. முதலில் ஓட்டலில் நடந்தது, அப்புறம் ஆஸ்பத்திரிச் சமையலறையில், அப்புறம் பஸ் பணிமனையில். எங்கே நடந்தாலும் அக்கா வேண்டும், நடுவர் வேண்டும். உஷ் சாரையும் அழைக்கிறார்கள். அவர் ஊதுவதைப் பார்ப்பதற்கென்றே தனிக் கட்டணம். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஆட்களை மேடைக்குக் கூப்பிடுகிறவள் அக்காவின் மகள். ஒவ்வொரு இடத்திலும் ஆரம்பிக்கும்போது அவள் தன் அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை சொல்வாள். ஆஸ்பத்திரித் துணிக்கு ஒரு மெட்டு, ஓட்டல் துணிக்கு ஒரு மெட்டு வைத்திருந்ததைச் சொல்வாள். நோயைப் பற்றியும் சொல்வாள், மறைக்காமல், குரல் நடுங்காமல்.

போன மாதம் பஸ் பணிமனையில் ஒரு கலாட்டா. அங்கே இருந்த ஓட்டுநர் ஒருவர் அசாத்தியமாக விசில் அடித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. எங்கள் நடுவர் மட்டும் சந்தேகமாக எழுந்து போய் அவரை வாயைத் திறக்கச் சொன்னார். நாக்குக்கு அடியில் சின்னப் பிள்ளைகள் ஊதும் தகர விசில். ஆளை வெளியே அனுப்ப வேண்டும் என்று நடுவர் ஒற்றைக்காலில் நின்றார். ஓட்டுநர், மகளுடைய விசில் சார், வீட்டில் தேடுவாள், திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சினார். வழக்கு அக்காவிடம் வந்தது. அக்கா தகர விசிலைத் தம் கைக்குட்டையால் துடைத்து அவரிடமே கொடுத்துவிட்டு, நீங்கள் பிஸ்கட் போட்டியில் தனியாகக் கலந்துகொள்ள வேண்டும், அதுவும் இரண்டு பொட்டலம் என்றார்.

ஓட்டுநர் பொட்டலத்தைப் பிரித்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள்.